சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

ராத்திரி பத்தரை மணிக்கு நண்பனிடமிருந்து போன். என்னோடு பி.காம். படித்தவன். ஒரு வங்கியில் நல்ல உத்தியோகம். ஒரு வருடமாக மனச்சோர்வு. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒரு பக்கம். யாரோ சொன்னார்கள் என்று சமீபத்தில் ஆரம்பித்த நியூரோஃபீட்பேக் பயிற்சி இன்னொரு பக்கம்.

"டேய், இடது கால் கல்லு மாதிரி கனக்குதுடா. விரல் நுனியெல்லாம் சுள்ளு சுள்ளுங்குது. நடுவுல கண்ணுல தண்ணி வேற. துக்கமெல்லாம் இல்ல. சும்மாவே வருது. என்னடா இது?"

அன்று மாலை அவனுக்கு ஆறாவது பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு வந்ததற்கு இத்தனை அமர்க்களம்.

நியூரோஃபீட்பேக் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? தலையில் சில இடங்களில் பசை தடவி, குட்டிக் குட்டி உலோக வில்லைகளை ஒட்டுவார்கள். அவை மூளையின் மின் அலைகளைப் பிடித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். திரையில் ஒரு படம் ஓடும், அல்லது ஒரு இசை கேட்கும். உங்கள் மூளை அலை அவர்கள் விரும்புகிற மாதிரி இருந்தால் படம் பளிச்சென்று தெரியும். இல்லாவிட்டால் மங்கும். மங்காமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. எப்படி? அதைச் சொல்லித்தர முடியாது. சைக்கிள் பழகுகிற மாதிரி மூளை தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்பது சித்தாந்தம்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வில்லைகள் வழியாகத் தலைக்குள் மின்சாரம் போவதில்லை. ஸ்டெதஸ்கோப் மாதிரிதான். கேட்கும், அவ்வளவே. தலைக்குள் மின்சாரம் செலுத்துகிற சிகிச்சைகள் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அப்படியானால், உள்ளே எதையுமே அனுப்பாத ஒரு கருவி என் நண்பனின் காலை ஏன் கனக்க வைக்க வேண்டும்?

இதைத்தான் அவனும் அங்கே கேட்டிருக்கிறான். கருவியை இயக்கிய பையன் சொன்ன பதில்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், உங்க மனப்பிரமை." பயிற்சி தருகிற அம்மணி சொன்ன பதில்: "ரொம்ப நல்லது! மூளையில அடைஞ்சு கிடந்ததெல்லாம் வெளியே வருது. ட்ரீட்மென்ட் வேலை செய்யுது."

ஒரே கால். இரண்டு தீர்ப்பு. எது சரி?

இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்கிறது சரித்திரம். மூளை அலைகளின் நூறு வருடக் கதையைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் இதே மாதிரி எதிர்பாராத உடம்புச் சமாசாரங்கள்தான் குறுக்கே வந்து விழுகின்றன. சிலவற்றைத் துரத்திப் போனவர்களுக்குப் புதையல் கிடைத்தது. சிலருக்கு ஏமாற்றம். முதலில் முதல் ஆசாமியைப் பார்ப்போம்.

*

1890-களின் தொடக்கம். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்கிற இளைஞர் ராணுவப் பயிற்சியில் இருந்தார். ஒரு நாள் அவருடைய குதிரை மிரண்டு அவரைக் கீழே தள்ளிவிட்டது. விழுந்த இடமோ பீரங்கி வண்டி வருகிற பாதை. சக்கரம் அவர்மேல் ஏறுவதற்கு ஒரு கணம் முன்னால் வண்டி நின்றது. பிழைத்தார்.

அன்று சாயங்காலம் அப்பாவிடமிருந்து தந்தி. 'நலமா?' என்று. ஊரில் இருந்த அக்காவுக்குத் திடீரென்று மனசு கலங்கி, தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அப்பாவைத் தந்தி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் நானுமாக இருந்தால் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மறந்திருப்போம். பெர்கர் மறக்கவில்லை. மனசிலிருந்து மனசுக்கு ஏதோ ஒரு சக்தி போகிறது, அதை அளந்து பார்த்தே தீருவது என்று மருத்துவம் படித்தார். யேனா நகரத்து மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்தார். சூட்டை அளந்தார். ஒன்றும் தேறவில்லை. கடைசியில் 1924-ல், மூளை அறுவை சிகிச்சை நடந்த ஒரு 17 வயதுப் பையனின் தலையிலிருந்து மின் அலைகளைப் பதிவு செய்தார். ஐந்து வருடம் மூச்சு விடவில்லை. தன் மகனின் தலையில்கூட கம்பியை வைத்துத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். 1929-ல்தான் வெளியிட்டார். அதுதான் ஈ.ஈ.ஜி.

டெலிபதியைத் தேடிப் போனவர் கையில் கிடைத்தது ஆல்ஃபா அலை. கண்ணை மூடி அமைதியாக இருந்தால் விநாடிக்குச் சுமார் பத்துத் தடவை எழுந்து அடங்குகிற ஒரு சின்ன ஆட்டம். எவ்வளவு சின்னது? ஒரு வோல்ட்டை லட்சம் கூறு போட்டால், அதில் நாலைந்து கூறு. இந்த அளவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவருடைய சொந்த நாட்டில் யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 1934-ல் இங்கிலாந்தில் ஏட்ரியனும் மாத்யூஸும் செய்து காட்டிய பிறகுதான் உலகம் நம்பியது. பெர்கர் புனிதரும் அல்ல. நாஜிகளின் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை நடத்திய நீதிமன்றம் ஒன்றில் அவரும் உட்கார்ந்திருந்தார். 1941-ல், கடும் மனச்சோர்வில் இருந்தபோது தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். மூளை அலையைக் கண்டுபிடித்தவரை விழுங்கியது மனச்சோர்வு. இன்று அதே அலையைக் காட்டித்தான் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தருகிறேன் என்று கடை விரிக்கிறார்கள்.

*

அடுத்த ஆசாமி ஜோ கமியா. 1950-களின் கடைசி. சிகாகோ பல்கலைக்கழகம். ஒரு மாணவரை இருட்டறையில் கண்ணை மூடி உட்கார வைத்தார். அவ்வப்போது மணி அடிக்கும். அந்த நேரத்தில் மூளையில் ஆல்ஃபா ஓடுகிறதா இல்லையா என்று மாணவர் ஊகித்துச் சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

முதல் நாள் பாதி சரி. அதாவது, நாணயத்தைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலும் அவ்வளவுதான் வரும். இரண்டாம் நாள் 65 சதவீதம். மூன்றாம் நாள் 85. நான்காம் நாள் எல்லாமே சரி!

தன் மூளை அலையை ஒருவர் உள்ளேயிருந்தே உணர முடிகிறது. கமியா அடுத்த படிக்குப் போனார். ஆல்ஃபா வந்தால் ஓர் ஒலி கேட்கும்படி செய்து, 'இதை நிறுத்தாமல் வரவழையுங்கள்' என்றார். வரவழைத்தார்கள். வெளியே வந்தவர்கள் சொன்னதுதான் எதிர்பாராதது. உடம்பு லேசாகிவிட்டது, மிதக்கிற மாதிரி இருந்தது, அமைதியாக இருந்தது, இன்னொரு தடவை செய்யலாமா?

1968-ல் ஒரு பிரபல மனோதத்துவப் பத்திரிகையில் கமியா இதை எழுதினார். அமெரிக்காவில் ஹிப்பிகள் காலம். கேட்க வேண்டுமா? மாத்திரை வேண்டாம், மலையேற வேண்டாம், ஒரு பெட்டி வாங்கினால் ஞானம் வீட்டுக்கே வரும் என்று ஆல்ஃபா பெட்டிகள் விற்பனைக்கு வந்துவிட்டன.

இந்தக் கூத்துக்கு நடுவே கலிபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் என்கிற விஞ்ஞானி பூனைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் பூனையைக் கவனித்திருக்கிறீர்களா? உடம்பில் ஒரு ரோமம் அசையாது, ஆனால் விழிப்பாக இருக்கும். அந்த நேரத்தில் மூளையின் இயக்கப் பகுதிக்கு மேலே விநாடிக்கு 12 முதல் 15 வரை துடிக்கிற ஓர் அலை தெரிந்தது. அந்த அலை வந்தால் பால், கோழிச் சாறு என்று பூனைகளைப் பழக்கினார். பூனைகள் வேண்டும்போதெல்லாம் அசையாமல் உட்காரக் கற்றுக்கொண்டன.

இது முடிந்தது. சம்பந்தமே இல்லாமல் அமெரிக்க விமானப் படையிலிருந்து ஒரு வேலை வந்தது. ராக்கெட் எரிபொருளான ஹைட்ரஸீன் வகை நச்சு உடம்பை என்ன செய்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டெர்மன் ஆய்வுக்கூடத்துப் பூனைகளுக்கு அதைக் கொடுத்தார். பாவம், வாந்தி எடுத்தன, எச்சில் ஒழுகியது, வலிப்பு வந்தது. ஆனால், சில பூனைகளுக்கு மட்டும் வலிப்பு ரொம்பத் தாமதமாக வந்தது. இன்னும் சிலவற்றுக்கு வரவேயில்லை. எந்தப் பூனைகள் என்று நோட்டைப் புரட்டினால், முன்பு கோழிச் சாறுக்காகப் பழகிய அதே பூனைகள்!

இந்தத் தற்செயலிலிருந்துதான், பல வருடங்களாக வலிப்பால் அவதிப்பட்ட 23 வயதுப் பெண் ஒருவருக்கு ஸ்டெர்மன் இதே பயிற்சியைக் கொடுத்தார். வலிப்பு குறைந்தது. 1972-ல் அந்த ஆய்வு வெளியானது. அந்தப் பெண் பிறகு டிரைவிங் லைசென்ஸே வாங்கினார்.

இன்னொரு தற்செயல், கான்சாஸ் மாநிலத்தின் மெனிங்கர் நிறுவனத்தில். எல்மர் கிரீனும் ஆலிஸ் கிரீனும் தம்பதி சமேதராக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். பரிசோதனைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஒற்றைத் தலைவலி. கருவிகளையெல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது திடீரென்று தலைவலி விட்டுப்போனது. பதிவுத் தாளைப் பார்த்தால், அந்த நேரத்தில் அவருடைய கையின் சூடு இரண்டே நிமிடத்தில் 10 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறியிருந்தது. கை சூடாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதைத் துரத்திக்கொண்டு போனதில்தான் 'கையைச் சூடாக்கித் தலைவலியைக் குறைக்கும்' பயிற்சி பிறந்தது.

ஆக, எதிர்பாராமல் உடம்பில் வந்ததை 'பிரமை' என்று ஒதுக்காதவர்களுக்குப் பரிசு கிடைத்தது. கருவியை இயக்கிய பையன் இதைக் கேட்க வேண்டும்.

*

அப்படியானால் அம்மணி சொன்னதுதான் சரியா? அவசரப்படாதீர்கள்.

'அடைந்து கிடப்பது வெளியே வருகிறது' என்கிற வசனத்துக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1932-ல் பெர்லின் டாக்டர் ஷுல்ட்ஸ், 'என் கை கனக்கிறது, என் கை சூடாகிறது' என்று மனசுக்குள் சொல்லிப் பழகுகிற ஒரு முறையை வெளியிட்டார். பழகியவர்களில் சிலருக்குக் கையோடு நிற்கவில்லை. தசை துடித்தது, ஊசி குத்தியது, கண்ணீர் வந்தது, மிதப்பது போல இருந்தது. அவருடைய சீடர் லூத்தே இதற்கெல்லாம் ஒரு விளக்கம் வைத்தார். மூளை தன்னிடம் தேங்கிக் கிடந்ததை இறக்கி வைக்கிறதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிரூபணம்தான் இல்லை. பிற்பாடு நியூரோஃபீட்பேக் ஆட்கள் பலர் அந்த விளக்கத்தை அப்படியே சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆல்ஃபா ஞானத்துக்கும் சோதனை வந்தது. 1970-களில் மார்ட்டின் ஓர்ன் குழுவினர் நிதானமாகப் பரிசோதித்தார்கள். பயிற்சியில் ஏறுகிற ஆல்ஃபாவில் பெரும்பங்கு, அந்த மனிதர் இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே வரக்கூடியதுதான் என்று தெரிந்தது. 'இப்போது ஷாக் அடிக்கப் போகிறோம்' என்று பயமுறுத்தினாலும் சிலருக்கு ஆல்ஃபா ஜம்மென்று ஓடியது. ஆல்ஃபா வேறு, அமைதி வேறு.

எனக்கு ரொம்பப் பிடித்த பரிசோதனை 1981-ல் வந்தது. பிளாட்கின், ரைஸ் என்று இரண்டு பேர். பதற்றம் அதிகமுள்ளவர்களைக் கூப்பிட்டார்கள். சிலருக்கு ஆல்ஃபாவை ஏற்றப் பயிற்சி. சிலருக்கு நேர் எதிர், ஆல்ஃபாவை இறக்கப் பயிற்சி. முடிவு? இரண்டு கோஷ்டிக்கும் பதற்றம் குறைந்தது! யாருக்கு அதிகம் குறைந்தது? 'நான் நன்றாகச் செய்கிறேன்' என்று யார் நம்பினார்களோ அவர்களுக்கு.

மாடிப்படி ஏறினாலும் உடம்பு இளைத்தது, இறங்கினாலும் இளைத்தது என்றால், சரக்கு படியில் மட்டும் இல்லை என்று அர்த்தம்.

*

இனி மனச்சோர்வு. 1980-களிலும் 90-களிலும் ரிச்சர்ட் டேவிட்சன் போன்றவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் சிலரிடம், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியில் இடது பக்கம் சற்று மந்தமாக இருந்தது. ஆல்ஃபா அதிகமாக இருந்தால் அந்த இடம் சும்மா இருக்கிறது என்று கணக்கு. அப்படியானால் இடது வலது தராசைச் சரி செய்தால் மனசும் சரியாகுமோ? ரோசன்ஃபெல்டும் எல்ஸா பேரும் அப்படி ஒரு பயிற்சியை உருவாக்கி, 1997-ல் இரண்டு நோயாளிகளின் கதையை வெளியிட்டார்கள். இன்றைக்கு நடக்கிற பல பயிற்சிகளுக்கு இதுதான் தாய்வீடு. ஆனால் 2017-ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இந்த இடது வலது வித்தியாசத்தை வைத்து ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று தீர்மானிக்க முடியாது என்று தெரிந்தது.

ஸ்கேன் கருவியை வைத்தும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2017-ல் அமெரிக்காவில் கிம்பர்லி யங் குழு 36 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு கோஷ்டிக்கு உணர்ச்சியோடு சம்பந்தப்பட்ட மூளைப் பகுதியில் பயிற்சி. இன்னொரு கோஷ்டிக்கு அதோடு சம்பந்தமில்லாத பகுதியில். முதல் கோஷ்டியில் 12 பேருக்குச் சோர்வு பாதிக்கு மேல் குறைந்தது. இரண்டாவதில் 2 பேருக்குத்தான். அடடே என்று எழுந்து உட்காருகிறோம். 2018-ல் ஐரோப்பாவில் டேவிட் லிண்டன் குழு இதே மாதிரி ஒன்று செய்தது. அங்கே இரண்டு கோஷ்டியும் நன்றாகவே தேறின. வித்தியாசம் இல்லை. ஒன்றுக்கு ஒன்று, சமன்.

ஆகவே 'நியூரோஃபீட்பேக் பித்தலாட்டம்' என்று நான் எழுத மாட்டேன். 'நிரூபிக்கப்பட்ட மருந்து' என்றும் எழுத மாட்டேன். வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

*

இப்போது நண்பனின் காலுக்கு வருவோம். என்னவெல்லாம் காரணமாக இருக்கலாம்?

மூளை அலை எவ்வளவு சின்னது என்று சொன்னேன் அல்லவா? தாடையை இறுக்கினால், நெற்றியைச் சுருக்கினால், தசையிலிருந்து கிளம்புகிற மின்சாரம் அதைவிடப் பல மடங்கு பெரியது. கருவிக்கு இரண்டும் மின்சாரம்தான். வேக அலையை ஏற்றச் சொல்லும் பயிற்சியில், தெரியாத்தனமாகப் பல்லைக் கடிக்கிற ஆசாமிக்கும் படம் பளிச்சென்று தெரிந்துவிடும். 'ஆஹா, இதுதான் வழி' என்று உடம்பு பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் பல்லைக் கடித்தால் தலைவலி வராமல் என்ன செய்யும்? நல்ல பயிற்சியாளர் இதைக் கவனித்து வடிகட்டுவார். எல்லாரும் நல்ல பயிற்சியாளர் இல்லை.

அடுத்தது மூச்சு. படம் மங்கக் கூடாதே என்று முக்கி முயற்சி செய்பவர்கள் தங்களை அறியாமல் வேகமாக மூச்சு விடுகிறார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைகிறது. விரல் நுனியும் உதடும் சுள்ளென்கும், தலை கிறுகிறுக்கும்.

மூன்றாவது, தூக்கத்தின் வாசல். மங்கலான அறை, சாய்வு நாற்காலி, ஒரே மாதிரி இசை. தூக்கத்துக்குள் வழுக்குகிற நேரத்தில் உடம்பு தூக்கிப் போடும், விழுவது போல இருக்கும், கை கால் கனக்கும், இல்லாத உருவம் தெரியும். ராத்திரி படுக்கையில் வந்தால் நாம் கண்டுகொள்வதில்லை. காசு கொடுத்து உட்கார்ந்த நாற்காலியில் வந்தால் கலவரமாகிறது.

நாலாவது, வெறும் கவனம். இந்த இடத்தில் பத்திரிகையை மடியில் வையுங்கள். ஒரு நிமிடம் உங்கள் வலது உள்ளங்கையை மட்டும் கவனியுங்கள்.

என்ன, குறுகுறுவென்கிறதா? ஒரு மெல்லிய துடிப்பு? பலருக்கு ஏதாவது தெரியும். இத்தனைக்கும் நான் உங்கள் தலையில் ஒரு வில்லையைக்கூட ஒட்டவில்லை.

ஐந்தாவது, கொஞ்சம் விசித்திரமானது. ஓய்வே சிலருக்குப் பயம். 1983-ல் ஹைடு, போர்கோவெக் என்ற இருவர், எப்போதும் இறுக்கமாக இருக்கும் சிலருக்குத் தளர்வுப் பயிற்சி கொடுத்தார்கள். தசையைத் தளர்த்தும் முறையில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கும், மந்திரம் சொல்லும் முறையில் பாதிப் பேருக்கு மேலும் இறுக்கம் கூடியது. பல வருடம் மூட்டை சுமந்தவன் தோளிலிருந்து இறக்கினால், தோள் லேசாவதற்கு முன்னால் தள்ளாடுமே, அது மாதிரி.

ஆறாவது, மாத்திரை. இது ரொம்ப முக்கியம். 'பயிற்சிதான் எடுக்கிறோமே' என்று மனச்சோர்வு மாத்திரையைத் தாங்களாகவே திடீரென்று நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்திய சில நாளில் தலைக்குள் பொறி தட்டுவது போல மின்னல் அடிக்கும், கிறுகிறுக்கும், குமட்டும், கை கால் சுள்ளென்கும். பழி பயிற்சி மேல் விழும். அல்லது, 'மூளை திறக்கிறது' என்று பாராட்டு கிடைக்கும். இரண்டுமே ஆபத்து.

ஏழாவது, பயிற்சியே ஒத்துக்கொள்ளாமல் போவது. இதற்கும் இடம் உண்டு. ஹாமண்ட் என்கிற அமெரிக்க உளவியலாளரும் சக ஊழியர்களும் 2001-லும் 2008-லும் எழுதிய கட்டுரைகளில், தலைவலி, அயர்ச்சி, எரிச்சல், பதற்றம், தூக்கக் கேடு என்று பயிற்சிக்குப் பின் வந்த தொல்லைகளைத் தொகுத்திருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் இந்தத் துறையின் எதிரிகள் அல்ல. அதே துறையில் தொழில் செய்கிறவர்கள். 'நம் ஆட்கள் இதைச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்' என்பது அவர்கள் கட்சி.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று. மனச்சோர்வே பாதி உடம்பில்தான் இருக்கிறது. 14 நாடுகளில் எடுத்து 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு இருந்தவர்களில் 69 சதவீதம் பேர் டாக்டரிடம் போனபோது சொன்னது உடம்புத் தொல்லைகளை மட்டும்தான். 'மனசு சரியில்லை' என்று சொல்லவே இல்லை. நம் வீட்டிலும் அப்படித்தானே? 'ஒரே அசதியா இருக்கு', 'நெஞ்சை அடைக்குது', 'தலை பாரம்.' ஏற்கெனவே கனத்துக்கொண்டிருந்த கால், அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்த பிறகுதான் கவனத்துக்கு வந்ததோ என்னவோ.

*

நான் கணக்குப் படித்தவன். விஞ்ஞானம் தெரியாது. ஆனால் பி.காமில் ஒரு நல்ல பாடம் உண்டு. பேரேடுகளைக் கூட்டிப் பார்க்கிறீர்கள். பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை. 340 ரூபாய் உதைக்கிறது. என்ன செய்வீர்கள்? கெட்டிக்காரன் அதை லாபத்தில் சேர்ப்பான். சோம்பேறி அழித்துவிடுவான். ஒழுங்கான கணக்காளன் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்புப் போட்டு, அதில் 340 ரூபாயை எழுதி வைப்பான். எங்கிருந்து வந்தது என்று தெரிகிறவரை அது அங்கேயே இருக்கும். தெரிந்ததும் உரிய இடத்துக்கு மாற்றுவான்.

'பிரமை' என்ற பையன் அழித்துவிட்டான். 'வேலை செய்கிறது' என்ற அம்மணி லாபத்தில் சேர்த்துவிட்டார். ஸ்டெர்மன் செய்தது என்ன? எந்தப் பூனை என்று நோட்டைப் புரட்டினார். நோட்டு இருந்தது, புரட்டினார்.

நண்பனிடம் இதைத்தான் சொன்னேன். "ஒரு நோட்டுப் போடு. தேதி, என்ன பயிற்சி, எத்தனை நிமிஷம், உடம்புல எந்த இடத்துல என்ன, எவ்வளவு நேரம் இருந்தது. முந்தின ராத்திரி தூக்கம், அன்னிக்குக் குடிச்ச காபி, போட்ட மாத்திரை. எல்லாத்தையும் எழுது. எழுதினதை பயிற்சி தர்றவங்க கிட்ட மட்டுமில்ல, மாத்திரை குடுக்கிற டாக்டர்கிட்டயும் காட்டு."

"ஒருவேளை பெரிசா ஏதாவது இருந்தா?"

நியாயமான கேள்வி. நெஞ்சு வலி, ஒரு பக்கக் கை கால் விழுந்துபோவது, பேச்சுக் குழறுவது, நினைவு தப்புவது, வலிப்பு. இவற்றுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் கிடையாது. நேராக மருத்துவமனைதான். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினாலும் அப்படியே. காத்திருக்கக் கூடாது. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 அதற்காகத்தான் இருக்கிறது. பெர்கர் காலத்தில் அப்படி ஒரு எண் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து நண்பன் நோட்டோடு வீட்டுக்கு வந்தான். வங்கிக்காரன் நோட்டு, கேட்க வேண்டுமா? கட்டம் போட்டு, சிவப்பு மசியில் அடிக்கோடு.

விரல் நுனி சுள்ளென்றது எல்லாம், ஆபீசிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போய் உட்கார்ந்த நாட்களில். பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு ஆரம்பித்த நாட்களில் இல்லை. கண்ணீர் இரண்டு தடவைதான், இரண்டும் முந்தின ராத்திரி சரியாகத் தூங்காதபோது. மாத்திரைக் கட்டத்தில் நிறைய வெற்றிடம். விசாரித்தால், முதல் பயிற்சி ஆரம்பித்த வாரத்திலிருந்தே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போட்டிருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் கோபிக்கவில்லையாம். அளவை ஒழுங்குபடுத்தி, 'இனிமேல் குறைப்பதாக இருந்தால் சேர்ந்து குறைப்போம்' என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது கொஞ்சம் தேவலை. காலையில் எழுந்து நடக்கப் போகிறான். மாத்திரையாலா, பயிற்சியாலா, நடையாலா, நோட்டு எழுதுவதாலா, அவனுக்கே தெரியாது. பயிற்சியைத் தொடரலாமா என்று கேட்டான். காசும் நேரமும் உன்னுடையது, டாக்டருக்குத் தெரிந்து செய், என்றேன்.

"சரிடா, அந்தக் கால்?"

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். ஆறாவது பயிற்சி, இடது கால், கனம், சுமார் இரண்டு மணி நேரம். பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. காரணம் என்ற கட்டத்தில் எங்கள் கல்லூரி வாத்தியார் சொல்லிக் கொடுத்தபடி இரண்டே வார்த்தை எழுதியிருந்தான்.

சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.